இடது பக்கத்துக் கிடார்

அத்தியாயம் 9

வெண்ணிலா திண்டிவனத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. போன அன்று சண்டை இல்லை, சத்தம் இல்லை. கணவர் டியூட்டிக்குக் கிளம்பிப் போன பிறகு, இரண்டு பையில் துணியை அடுக்கிக்கொண்டு மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏம்மா?" என்று தமிழ்மொழி கேட்டதற்கு, "உங்கப்பாவைக் கேளு" என்றாள்.

அப்பாவைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார்.

இரண்டு பேரில் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று மொழி நினைத்தாள். அது அப்பாதான் என்றும் முடிவு கட்டியிருந்தாள்.

சுகுமார் விழுப்புரம் ஜங்ஷனில் லோகோ பைலட். பெரும்பாலும் கூட்ஸ் வண்டி, சில நாள் பாசஞ்சர். உடன் வேலை செய்கிறவர்கள் அவரை ராக்கு சுகுமார் என்பார்கள். பெருமுக்கல் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்தில் பிறந்தவர், ஐ.டி.ஐ. படிக்கப் பாண்டிச்சேரி போன காலத்தில், பக்கத்து அறைக்காரன் டேப் ரிக்கார்டரில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலீஷ் ராக் குழுவின் பாட்டைக் கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அன்றைக்கு மெஸ் மூடும்வரை சாப்பிடப் போகாமல் அந்த அறை வாசலிலேயே நின்றார்.

அதன்பிறகு லெட் செப்பலின், டீப் பர்ப்பிள், பிளாக் சபாத் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். பிளாக் சபாத்காரர்கள் இரும்புப் பட்டறைகள் நிறைந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டபோது, பர்மிங்காம் எங்கே இருக்கிறது என்று மேப்பில் விரல் வைத்துத் தேடினார். நம்மைப் போல இரும்புச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள், அதனால்தான் இந்தப் பாட்டு நம் நெஞ்சில் வந்து இடிக்கிறது என்பது அவர் கட்சி. சொந்தக்காரர்கள் யாரும் அதை ஒத்துக்கொண்டதில்லை. மகள் மட்டும்தான் ஒத்துக்கொண்டாள்.

அவருக்கு ரெஸ்ட் கிடைக்கிற நாளில் அப்பாவும் மகளும் ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பார்கள். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. வெண்ணிலா வாசலில் நின்று, "முடிஞ்சுதா, சோறு போடலாமா?" என்று கேட்பாள்.

இந்த வருஷம் அது நின்றுபோயிருந்தது. மொழி ஏதாவது போட்டால், "வேணாம்மா, நல்லா இல்ல" என்று எழுந்து போய்விடுவார். அம்மா போன பிறகு ஸ்பீக்கர் மேல் தூசியே படிந்துவிட்டது. குற்ற உணர்ச்சி போலிருக்கிறது என்று மொழி நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகுமார் நேரம் கழித்துத்தான் எழுந்தார். மொழி மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி கூட்ஸ் வண்டி இருக்கலாம், போன் வரும் என்றார்.

"அப்பா, என்கூட ஸ்டுடியோவுக்கு வர்றீங்களா? கண்ணையன் சார் திருவக்கரைக்கு ஒரு கல்யாணம் எடுக்கப் போயிருக்காரு. ஸ்டுடியோவுல யாரும் இல்ல."

மொழி திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டர். நாதஸ்வரத்தையும் ஜெனரேட்டர் சத்தத்தையும் பிரித்தெடுப்பதுதான் அவள் வேலையில் பாதி.

"அவ்ளோ தூரம் எதுக்கும்மா?"

"புது ஹெட்போன் வந்திருக்கு. உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். வந்து கேளுங்க."

பாட்டு கேட்டு முடித்ததும் அப்படியே மாமா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், அம்மா எதிரில் உட்கார வைத்துவிட வேண்டும். அதுதான் அவள் போட்டிருந்த திட்டம். அதை அவள் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். மறுபேச்சு பேசாமல் சட்டை மாற்றிக்கொண்டார்.

பஸ்ஸின் இடது பக்கத்து சீட்டில் அவரே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்து ஜன்னல் சீட் மொழிக்குத்தான். இப்போது கொஞ்ச நாளாக அதைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. மனுஷன் எப்படி மாறிப்போனார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

* * *

ஸ்டுடியோ ஒரு நகைக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. ஏசியைப் போட்டுவிட்டு, அப்பாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எதும்மா?"

"போட்டா உங்களுக்கே தெரியும்."

அது ஒரு பழைய மேடைக் கச்சேரிப் பதிவு. அவர் முப்பது வருஷமாகக் கேட்டது. மேடையில் கிடார்காரர் இடது ஓரத்தில் நிற்பார், கீபோர்டு மாதிரியான ஆர்கனை வாசிக்கிறவர் வலது ஓரத்தில். பதிவு செய்தவர்களும் அப்படியே விட்டிருந்தார்கள். ஹெட்போனில் கேட்டால் இடது காதில் கிடார், வலது காதில் ஆர்கன். பாதிப் பாட்டில் டிரம்ஸ் அடங்கி, கிடார் ஒரு கேள்வி கேட்கும், ஆர்கன் பதில் சொல்லும். கிடார் விடாமல் மடக்கும், ஆர்கன் சிரித்துக்கொண்டு தப்பிக்கும். அந்த இடம் வரும்போது சுகுமார் இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தூக்குவார். கேட்கிறவனுக்கு இந்தக் கை, சொல்கிறவனுக்கு அந்தக் கை. அதைப் பார்க்கத்தான் மொழி ஆசைப்பட்டாள். வெளிநாட்டிலிருந்து புதிதாகத் துப்புரவாக்கி வெளியிட்ட பதிப்பைத் தேடி வைத்திருந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கால் தாளம் போட்டது. இத்தனை நாளுக்குப் பிறகு அவர் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்து அவளுக்கும் மனசு லேசானது.

அந்த இடம் வந்தது. கை எழவில்லை. கண்ணைத் திறந்தார்.

"மொழி, இது யாரு பண்ண வேலை?"

"ஏம்ப்பா?"

"கிடாரையே எடுத்துட்டாங்களே. ஆர்கன்காரரு மட்டும் தனியா பதில் சொல்லிக்கினு இருக்காரு."

மொழி ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தாள். கிடார் பளிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

கம்பியை ஆட்டிப் பார்ப்பது போல் பாவனை செய்துவிட்டு, ஹெட்போனை இடம் வலம் மாற்றி அவர் தலையில் வைத்தாள். அதே இடத்திலிருந்து மறுபடியும் ஓடவிட்டாள்.

"இப்ப?"

"ஆங், இப்ப வருது கிடாரு." கொஞ்சம் கேட்டார். "ஆனா ஆர்கனை..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டே இருந்தது.

"எந்தக் காதுப்பா?"

"இடது."

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் முடிஞ்சு. காலையில எழுந்தப்ப குக்கர் விசில் மாதிரி ஒரே சத்தம். சளின்னு நினைச்சேன். நாள் கழிச்சு பாண்டியில ஒரு டாக்டர்கிட்ட போனேன். உடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம், இனிமே வராதுன்னுட்டாரு."

மொழிக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஜன்னல் சீட் புரிந்தது. வீட்டில் போட்ட பாட்டெல்லாம் நல்லா இல்லை என்றது புரிந்தது. பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்.

"ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா இன்ஜின்ல ஏத்த மாட்டாங்க. ஆபீஸ்ல ஏதாவது நாற்காலி குடுப்பாங்க. சம்பளம் போவாது, இன்ஜின் சீட்டு போயிரும்." கொஞ்சம் நிறுத்தி, "அது மட்டும் இல்ல. எல்லாரும் என்ன சொல்லுவாங்க? அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் செவிடாப் போனான்னு சொல்லுவாங்க. உங்க மாமா ஊரு பூரா சொல்லுவாரு. டாக்டர் அப்படிச் சொல்லல. எதனாலன்னே தெரியாது, சில பேருக்கு இப்படி ஆவும்னுதான் சொன்னாரு. யாரு நம்புவாங்க? எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாம்மா. அதும்மேல பழி வர்றதை என்னால கேட்டுக்கினு இருக்க முடியாது."

"காது கேக்காமயா இத்தினி நாள் வண்டி ஓட்டினீங்க?"

"வலது காது நல்லா கேக்குது. அசிஸ்டென்ட் பிரவீன்குமார் எனக்கு வலது பக்கம்தான் உக்கார்றான். அவன் சிக்னல் சொல்றது ஒரு வார்த்தை தப்பாது."

அவள் நம்பிவிடப் பார்த்தாள். ஆனால் அவர் சொல்லி முடித்த பிறகும் அவளைப் பார்க்கவில்லை. ஹெட்போன் கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"வேற ஏதாவது ஆச்சாப்பா?"

சுருட்டிய கம்பியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

போன மாதம் விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். சிக்னல் விழுந்ததும் எடுத்தார். வண்டியின் நடுவில் ஒரு வேகனின் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு அப்போதே புகைந்திருக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் பார்த்து நிறுத்தும்போது நெருப்பே வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை வந்தது. முதல் ஸ்டேஷனில் நின்றிருந்த தண்டவாளப் பாதை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் சவுரிராயன், தான் புகையைப் பார்த்ததாகவும், இன்ஜினுக்குக் கீழேயே ஓடி வந்து கத்தியதாகவும் சொன்னார். கையில் கொடி இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் நின்னு கத்தினாரு?"

"இடது பக்கம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு எதுவும் கேக்கலைன்னு சொன்னேன். அது பொய் இல்லையே மொழி."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. பொய் சொல்றாருன்னு."

மொழிக்கு அப்பாவைத் திட்ட வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவருக்குக் கேட்காமல் போனது சவுரிராயன் குரல் மட்டும்தானா என்று அவளுக்குள் ஓடியது.

"அப்பா, அம்மா போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லையே. அதைத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்."

"நீங்க படுத்துக்கினு இருக்கும்போது?"

அவர் யோசித்தார். "நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து மத்தியானம் படுத்துக்கினு இருந்தேன். வலது காதைத் தலகாணியில அழுத்திப் படுத்தா ஒரு சத்தமும் கேக்காது. நிம்மதியா..." சட்டென்று நிறுத்தினார்.

மொழி எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தாள். "வாங்க, மாமா வீட்டுக்குப் போலாம்."

* * *

அண்ணன் வீட்டுக் கூடத்தில் வெண்ணிலா கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். இத்தனை வருஷமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து போனவள்.

அண்ணன் சீனுவாசன் வெளியே போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"உன் வூட்டுக்காரரு திண்டிவனத்துலதான் இருக்காரு. பொண்ணுகூட ஸ்டுடியோ மாடி ஏறிக்கினு இருந்தாரு. பாட்டு கேக்க வந்திருப்பாரு."

சிவப்புப் பேனா நின்றது.

"பொண்டாட்டி இங்க ஒரு மாசமா உக்காந்துக்கினு இருக்கா. எட்டிப் பாக்கத் தோணல. இங்கிலீஷ்காரன் பாட்டுக்கு மட்டும் பஸ் ஏறி வரத் தெரியுது."

"விடுண்ணா" என்றாள். ஆனால் அடுத்த தாளில் சரியான விடைக்கும் தப்புப் போட்டுவிட்டு, மறுபடி அடித்துத் திருத்தினாள்.

அந்தப் பாட்டுகள்மீது அவளுக்குக் கோபம் இருந்ததே இல்லை. கல்யாணமான புதிதில் அவர் ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதோ பாரு, இங்கதான் டிரம்ஸ்காரன் வர்றான் என்பார். பாட்டை அல்ல, அவர் முகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகம் இந்த வருஷம் காணாமல் போய்விட்டது. எது கேட்டாலும் பாதிக்குப் பதில் இல்லை. சோறு போடவா என்று பக்கத்தில் நின்று கேட்டாலும் பேசாமல் பேப்பர் படித்தார்.

கேட் சத்தம் கேட்டது. மொழி முன்னாலும் சுகுமார் பின்னாலும் வந்தார்கள்.

"வாங்க மாப்ள" என்றார் சீனுவாசன், குரலில் ஒன்றும் இல்லாமல். சுகுமார் தலையை ஆட்டிவிட்டு, மனைவிக்கு எதிரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீ வீட்டை விட்டு வர்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட என்ன கேட்ட?" என்றாள் மொழி.

"அதை ஏன் என்கிட்ட கேக்கற? உங்கப்பாவுக்குத் தெரியும்."

"தெரியாது வெண்ணிலா" என்றார் சுகுமார். "சத்தியமாத் தெரியாது. சொல்லு."

வெண்ணிலா அவரையே பார்த்தாள். அண்ணன் எதிரில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று முகம் சிவந்தது. பிறகு, போகட்டும் என்பது போலச் சொன்னாள்.

"மத்தியானம் படுத்துக்கினு இருந்தீங்க. நான் கட்டில்மேல உக்காந்து கேட்டேன். என்னோட பேசக்கூட உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியுது, நான் இந்த வீட்ல இருக்கவா, போவவான்னு கேட்டேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. சுவரைப் பாத்துக்கினு இருந்தீங்க. திரும்பிக்கூட பாக்கல. இன்னொரு தரமும் கேட்டேன். அதுக்கும் பதில் இல்ல. சரி, இதான் பதிலுன்னு எடுத்துக்கினேன்."

"எனக்கு இடது காது கேக்கல. பொங்கல்லேர்ந்து. அன்னிக்கு நல்ல காதைத் தலகாணியில வெச்சுப் படுத்திருந்தேன். நீ வந்து உக்காந்ததுகூட எனக்குத் தெரியாது."

உள்ளே அண்ணி அம்மணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

வெண்ணிலாவுக்கு முதலில் வந்தது அழுகைதான். ஒரு மாதமாக உள்ளே கல்லாய்க் கிடந்தது ஒரே நிமிஷத்தில் இடம் பெயர்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையைத் தொடப் போனவள், பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

"பொங்கல்லேர்ந்தா?"

"ஆமா."

"இதோடயா வண்டி ஓட்டிக்கினு இருந்தீங்க?"

"வலது காது நல்லா இருக்கு. பிரவீன் வலது பக்கம்தான்..."

"இடது பக்கம் யாரு இருக்காங்க?"

"இடது பக்கம் ஜன்னல்."

"ஜன்னலுக்கு வெளிய?"

மொழி தரையைப் பார்த்தாள். சவுரிராயன் கதையை அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். எதையும் குறைக்காமல் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சீனுவாசன். "ராவும் பகலும் காதுல அந்த இரைச்சலை மாட்டிக்கினு இருந்தா வேற என்ன ஆவும்? அந்த வெள்ளக்காரன் பாட்டுதான் இந்தக் குடும்பத்தை..."

சுகுமார் குனிந்துகொண்டார். எதற்குப் பயந்து இத்தனை மாதம் ஒளித்தாரோ அது வந்தேவிட்டது.

"அண்ணா, சும்மா இரு" என்றாள் வெண்ணிலா. "பாட்டு யாரையும் பொய் சொல்லச் சொல்லல." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. வகுப்பில் தப்புச் செய்த பெரிய பிள்ளையிடம் பேசுவது போலிருந்தது. "என்கிட்ட பேசாம இருந்ததைக்கூட நான் மறந்துருவேன். அந்த மனுஷன் பொய்யன்னு பேரு வாங்கிக்கினு வீட்ல உக்காந்திருக்காரு. நான் தினம் போற வண்டியில எத்தினி பசங்க வருதுங்க தெரியுமா? நீங்க மறுபடியும் வண்டி எடுக்கப் போறீங்களா?"

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வண்டிக்கு ஆள் போடும் ஆபீஸ். எல்லாருக்கும் திரை தெரிந்தது.

எடு என்று யாரும் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. சுகுமார் எடுத்து வலது காதில் வைத்தார்.

"சார், ஜல்தியா வரணும். கூட்ஸ் ஒண்ணு சீக்கிரமே கிளம்புது" என்றது அந்தக் குரல். கூடத்தின் அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"நான் வண்டி எடுக்க முடியாது சார். எனக்கு ஒரு காது கேக்கல. மெடிக்கலுக்கு அனுப்புங்க."

"விளையாடாதீங்க சார்."

"விளையாடல."

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து."

"சார், யோசிச்சு சொல்லுங்க." குரல் தாழ்ந்தது. "இன்னிக்குக் காலையிலேர்ந்துன்னு சொன்னா உங்களுக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் இல்ல. நான் இப்ப கேட்டதை மறந்துடறேன். நேர்ல வந்து வேற மாதிரி சொல்லுங்க."

சுகுமார் மனைவியைப் பார்த்தார். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எந்தக் கட்டளையும் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"சவுரிராயன் கத்தினது நிஜம் சார்" என்றார். "எனக்குத்தான் கேக்கல. அதையும் சேத்துத்தான் வந்து சொல்லப் போறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வெண்ணிலா எழுந்து உள்ளே போனாள். அண்ணியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தோள்பையோடு வந்தாள்.

"நீ எங்கம்மா கிளம்பற?" என்றார் சீனுவாசன்.

"அந்த ஆபீஸ் வரைக்கும் கூட போய்ட்டு வர்றேன்ணா. துணிப்பை இங்கதான் இருக்கு."

* * *

பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது சுகுமார் மெதுவாகச் சொன்னார். "வெண்ணிலா, அன்னிக்கு நீ கேட்டதுக்கு..."

"இப்ப வேணாம்" என்றாள் அவள். "இப்ப சொன்னீங்கன்னா, நான் கூட வந்ததுக்காகச் சொன்ன மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி போய்ப் பாக்க வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காரு. அவர் வீடு எங்க?"

"விக்கிரவாண்டி."

"ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி அங்க இறங்குவோம்."

முன் சீட்டில் இருந்த மொழி கண்டக்டரிடம் விக்கிரவாண்டிக்கு மூன்று டிக்கெட் கேட்டாள்.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. ஓடு போட்ட சின்ன வீடு, வாசலில் துவைத்த துணி காய்ந்தது. கதவு திறந்தே இருந்தது. ஒரு பெண்மணி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சவுரிராயனின் மனைவி பாஞ்சாலி என்று பார்த்ததுமே சுகுமாருக்குத் தெரிந்தது. விசாரணை அன்று ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள்.

அவளுக்கும் அவரைத் தெரிந்தது.

"சவுரிராயன் இருக்காராம்மா?"

"அவரு எங்க இருக்காருன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் பாஞ்சாலி. "உங்களைப் பாக்கத்தான் காலையில விழுப்புரத்துக்குப் போனாரு. ஒரு தரம், ஒரே ஒரு தரம் மனசு வெச்சு யோசிச்சுப் பாருங்க சார்னு உங்க கால்ல விழுந்தாவது கேக்கறேன்னு போனாரு."

வெண்ணிலா கணவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"உங்க வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பாத்தாராம். ஜன்னல் வழியா நீங்க படுத்திருக்கறது தெரிஞ்சுதாம். பேரைச் சொல்லிக்கூட கூப்ட்டிருக்காரு. திரும்பலியாம். இனிமே யாரும்மா என்னை நம்புவாங்கன்னு போன்ல சொல்லிட்டு அழுதாரு." அவள் கையிலிருந்த போனைக் காட்டினாள். "அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. மணி அடிச்சுக்கினே இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல."

மொழி மீன் வாங்கப் போயிருந்த நேரம் அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள இருந்துக்கினு ஏன் சார் கதவைத் திறக்கல?" என்றாள் பாஞ்சாலி. அவள் கத்தவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

வலது காது தலையணையில் அழுந்தியிருந்த அந்த நிம்மதி சுகுமாருக்கு ஞாபகம் வந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"எனக்குக் காது கேக்காதும்மா."

பாஞ்சாலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணிலா படியேறிப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவரு போன்ல பேசும்போது பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"ரயில் சத்தம்" என்றாள் பாஞ்சாலி.